வேலூரில் சிலை இறக்கும் கிரேன் குழு: தூக்குவதில் கெட்டி, பதிவில் கோட்டை விடுகிறார்கள்

போராட்டத்துக்குப் பிறகு ஒரு சிலை இனி தெருவில் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டால், அடுத்த கேள்வி அதை உடையாமல் யார் இறக்குவது என்பதுதான். சத்துவாச்சாரி பக்கம் கிரேன் வாடகைக்கு விடும் இந்தக் குழு அந்த வேலையை எடுத்துச் செய்கிறது.

நம்மூர்ச் சிலைகளில் நிறைய சிமெண்ட், உள்ளே கம்பி. தண்ணீர் இறங்கிக் கணுக்காலில் கம்பி துருப்பிடித்து வீங்கினால் காரை வெடித்துவிடும். கழுத்திலோ நீட்டிய கையிலோ கட்டித் தூக்கினால் முறிந்து விழும். இவர்கள் அக்குளுக்குக் கீழே ஒன்று, இடுப்பில் ஒன்று என்று நைலான் பெல்ட் போடுகிறார்கள். செயினைத் தொடுவதே இல்லை. மேலே கொக்கிக்குப் போகும் இரண்டு பெல்ட்டையும் தரைமட்டத்திலிருந்து 60 டிகிரிக்குக் குறையாமல் பிடிக்கிறார்கள். அதுவே 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால், 1 டன் சிலைக்கு ஒவ்வொரு பெல்ட்டும் 1 டன் இழுவை தாங்க வேண்டிவரும். காலடியில் சுத்தியல் டிரில் வைத்து அதிர விடாமல், பீடத்தின் மேல்பகுதியையும் சேர்த்து அறுத்தெடுப்பது இவர்களிடம் மிகவும் பிடித்த விஷயம்.

12 டன் ஹைட்ரா (சுமையோடு நகரும் சிறிய கிரேன் வண்டி) என்று சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். பூம், அதாவது கிரேனின் நீளும் கை, சுருங்கி, சுமை வண்டியை ஒட்டி இருக்கும்போதுதான் அந்த 12 டன். ரவுண்டானா நடுவே எட்டித் தூக்கினால் பலம் வெகுவாகக் குறையும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்று காட்டும் லோடு சார்ட்டைக் கேட்டுப் பாருங்கள். மேலே மின்கம்பி போனால் லைன் ஆஃப் ஆன பிறகே பூம் ஏற வேண்டும்.

குறை பதிவில். பெயர்ப்பலகையைப் பெயர்த்து, எண் போடாமல் மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். போராட்டக்காரர்கள் பூசிய பெயிண்டை ஆசிட் ஊற்றிக் கழுவவும் கிளம்புகிறார்கள். விடவே கூடாது! இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2020 ஜூன் 7 அன்று துறைமுகத் தண்ணீரில் தள்ளப்பட்ட அடிமை வணிகர் கோல்ஸ்டன் சிலையை மீட்டவர்கள் சேற்றைத்தான் கழுவினார்கள். பெயிண்டைக் காப்பாற்றி வைத்தார்கள். அந்தப் பூச்சும் வரலாறுதான். 1857இல் அலகாபாத்தில் மக்களைக் கொன்று குவித்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி நீலின் சிலையை எதிர்த்து 1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் சத்தியாகிரகம் நடந்தது. அந்தச் சிலை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதால்தான் பிள்ளைகளிடம் காட்டி, இவன் செய்தது இது என்று சொல்ல முடிகிறது.

ஆகவே வாடகை பேசும்போதே நான்கு பக்கமும் படம், உடைந்த துண்டுக்கும் பலகைக்கும் எண், லாரியில் மணல் மூட்டை அணைத்துப் படுக்கவைப்பது, போய் இறக்கும் இடம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். தூக்குவதற்கு ஐந்துக்கு நாலரை, பதிவுக்கு ஒன்று.