விளிம்பில்லாத குளமும் 500 லிட்டர் தொட்டியும்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு கட்டி, பின்புறம் நீச்சல்குளமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுக்கவும். "விளிம்பே தெரியாது சார், தண்ணீர் அப்படியே வானத்தோடு சேர்ந்துவிடும்" என்று பாலித் தீவு விடுதிகளின் படங்களைக் கைப்பேசியில் காட்டும் ஒப்பந்தக்காரர் வந்திருந்தால், கட்டாயம் படிக்கவும்.

எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சுமார் 40,000 லிட்டர். இன்ஃபினிட்டி பூல் என்பதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு பக்கச் சுவரைச் சற்றுத் தாழ்த்தி நீரை வழியவிடுகிறார்கள். வழிவது கீழே பேலன்சிங் டேங்க்கில் விழ, மோட்டார் அதை மீண்டும் குளத்துக்கு அனுப்புகிறது. படத்தில் தெரியாத அந்தத் தொட்டிதான் எல்லாம். எங்களுக்குக் கட்டியது 500 லிட்டர்.

மோட்டார் ஓடும்போது விளிம்புக்கு மேல் 1 சென்டிமீட்டர் நீர் நின்றாலே, 32 சதுர மீட்டர் பரப்புக்கு 320 லிட்டர். நிறுத்தியதும் அத்தனையும் தொட்டிக்கு இறங்கும். நான்கு பெரியவர்கள் குளத்தில் இறங்கினால் இன்னும் ஏறக்குறைய 280 லிட்டர் தள்ளப்படும். பிள்ளைகள் குதிப்பது தனி. தொட்டி நிரம்பி நீர் சாக்கடைக்குப் போகிறது. எல்லோரும் கரையேறியதும் தொட்டி வற்றி, மோட்டார் காற்றை இழுத்து அலறுகிறது. ஈடுகட்ட தண்ணீர் லாரி. நம் செலவில்தான், ஒப்பந்தக்காரர் செலவில் அல்ல.

அடுத்த புளுகு உப்புநீர். "இதில் குளோரினே கிடையாது சார், குழந்தைகளுக்குக் கண் எரியாது" என்றார். உப்புநீர்க் குளத்தில் பொருத்தும் கருவியின் வேலையே உப்பை மின்சாரத்தால் பிரித்துக் குளோரின் தயாரிப்பதுதான்! லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு வேண்டும். எங்கள் குளத்துக்குச் சுமார் 140 கிலோ. தொட்டி வழியும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு சாக்கடைக்கு. இந்த முறையில் நீரின் காரத்தன்மை தானாக ஏறும் என்பதையோ, கடின நீரில் கருவியின் தகடுகளில் சுண்ணாம்பு படியும் என்பதையோ அவர் வாயே திறக்கவில்லை. தகடு வெளுத்துப் போனதும் "பராமரிப்பு சரியில்லை" என்று உத்தரவாதத்தை மறுத்துவிட்டார். விலைப்பட்டியலில் ஏணிக்கு 316 ரக எஃகு என்று இருந்தது. துரு ஏறியபின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம்: 304. உப்புநீரில் இரண்டும் ஒன்றல்ல, விலையும் ஒன்றல்ல.

நிறம் மாறும் விளக்குகளைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே எரிகின்றன. நீருக்குள் மின்கசிவு ஆபத்தைக் குறைக்கும் 12 வோல்ட்தானா என்று மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் என்னைக் கொதிக்க வைத்தது வேறு. ஓடுகளின் இடுக்கில் கசிவு என்று சொன்னதற்கு, ஐப்பசி மழையில் குளத்தை முழுக்கக் காலி செய்யச் சொன்னார். கடலோர மணலில் அப்போது நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். காலியான குளத்தை அந்த அழுத்தம் வெறும் அண்டாவைப் போலத் தூக்கிவிடும், தரை வெடிக்கும். இதைத் தடுக்கத் தரையில் ஒரு வால்வு வைப்பார்கள். எங்கள் குளத்தில் அது இல்லை. விவரம் தெரிந்த கொத்தனார் ஒருவர் தடுத்ததால் குளம் தப்பியது. வால்வைப் பற்றிக் கேட்டபோது, "யாரும் கேட்பதில்லை சார்" என்று பதில் வந்தது.

ஆகவே கேளுங்கள். தொட்டியின் கொள்ளளவும் அதற்கான கணக்கும், வால்வு, எஃகின் ரகம் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் வரட்டும். கடைசித் தவணையைக் குளம் ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். எங்கள் மனு தயாராகிவிட்டது. ஏணியின் பரிசோதனை அறிக்கையை முதல் இணைப்பாக வைத்திருக்கிறோம்.