அரிசி ஆலையில் கார்ட்லெஸ் போன்: தூரம் பேஸ் வைக்கும் இடத்தில் இருக்கிறது

ஆரணிப் பக்கம் எங்கள் அரிசி ஆலையும் வீடும் ஒரே வளாகத்துக்குள்தான். ரோட்டோரம் ஆபீஸும் வே பிரிட்ஜும், அதற்குப் பின்னால் களம், மில் ஷெட், குடோன், கடைசியில் வீடு. ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது கார்ட்லெஸ் எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் அரிசி மூட்டைகளில் அச்சாகியிருப்பது லேண்ட்லைன் நம்பர். பழைய வியாபாரிகள் இன்றைக்கும் அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துப் பேச வேண்டும். அதற்காக வாங்கியதுதான் பானாசோனிக் டெக்ட் செட். டெக்ட் என்பது டிஜிட்டல் கார்ட்லெஸ் போன்களுக்கான பொது நுட்பம். லைன் வந்து சேரும் பேஸ் பெட்டி ஒன்று, கையில் எடுத்துப் பேசும் ஹேண்ட்செட் மூன்று. ஏழெட்டு வருடமாக ஓடுகிறது.

டெக்ட் வகை போன்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை திறந்த வெளியில் 300 மீட்டர், கட்டடத்துக்குள் 50 மீட்டர். இவை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் பேசுகின்றன. ஹேண்ட்செட் அனுப்பும் சக்தி உச்சத்தில் 250 மில்லிவாட், சராசரியாகப் பார்த்தால் 10 மில்லிவாட்தான். இவ்வளவு சின்ன சக்தி செங்கல் சுவர் ஒன்றிரண்டைத் தாண்டிவிடும், தகரத்திடம் தோற்றுப்போகும். எங்கள் மில்லிலோ ஷெட் தகரம், எலிவேட்டர் இரும்பு, பாய்லர் இரும்பு. போதாததற்கு ஈர நெல் மூட்டைகளை அடுக்கினால் அந்த ஈரமும் சிக்னலைக் குடித்துவிடும். பேஸ் ஆபீஸ் மேசையில் இருந்தவரை களம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. மில்லுக்குள் கால் வைத்ததும் பேச்சு துண்டு துண்டானது. வீட்டில் மணியே அடிக்கவில்லை.

சரி செய்தது ஒரு சுருள் டெலிபோன் ஒயர். ஆபீஸிலிருந்து வீட்டு மாடிப்படி அறை வரைக்கும் ஒயரை இழுத்து, களத்தைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் பேஸை மாட்டினோம். அந்த உயரத்திலிருந்து ஆபீஸ், களம், குடோன் வாசல் மூன்றும் நேராகத் தெரியும். ஒரு வளாகத்துக்குள் இழுக்கும் ஒயரில் பேச்சு பெரிதாகக் குறையாது. குறைவதெல்லாம் காற்றில் போகும்போதுதான். அதனால் தூரம் வேண்டுமென்றால் முதலில் ஒயரை நீட்டுங்கள், பேஸை ஏற்றுங்கள். விலை கூடின செட்டைத் தேடுவதெல்லாம் அப்புறம்.

இதே டெக்ட் நுட்பத்தை வைத்துத்தான் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும் மைடாஸ் நிறுவனமும் கார்டெக்ட் என்ற கிராமத் தொலைபேசி அமைப்பை உருவாக்கின. கூரை மேல் ஆன்டெனா வைத்து, கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மறைப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டு, 10 கிலோமீட்டர் வரை பேச வைத்தார்கள். உயரமும் நேர்ப்பார்வையும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

மில் ஷெட்டுக்கு மட்டும், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று போட்டோம். பேஸின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடத்தில்தான் அதை வைக்க வேண்டும். சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் அதுவும் செத்துத்தான் கிடக்கும். ஷெட் வாசல் தூண் எங்களுக்குச் சரியாக அமைந்தது. பாய்லர் பின்புறம் இன்னும் எட்டவில்லை, அங்கே செல்போன்தான்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் "லாங் ரேஞ்ச்" போன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அந்த அலைவரிசையில் பெரிய குடோன், பண்ணை முழுவதற்கும் எட்டுகிற செட்டுகள் அங்கே விற்கின்றன. ஹேண்ட்செட்டுக்கு ஹேண்ட்செட் வாக்கி டாக்கி மாதிரி பேசும் வசதிகூட உண்டு. இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் டவருக்குப் பேசும் இடம். அதே இடத்தில் நம் போனும் கத்தினால் சுற்று வட்டாரத்தில் செல்போன்கள் பாதிக்கப்படலாம், சட்டப்படியும் குற்றம். யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

தினமும் அதிகம் உதவுவது இன்டர்காம். வே பிரிட்ஜிலிருந்து கணக்குப்பிள்ளை, "அண்ணே, நெல் லாரி வந்திருச்சு, ஈரப்பதம் பாக்க வாங்க" என்று வீட்டு ஹேண்ட்செட்டுக்கே கூப்பிட்டுவிடுவார். செலவு இல்லை, டவர் தேட வேண்டாம். வேறு கம்பெனி ஹேண்ட்செட்டையும் இதே பேஸில் சேர்க்க முடியும், இரண்டும் கேப் என்ற பொது விதிப்படி செய்தவையாக இருந்தால் போதும். ஆனால் போன் வரும், போகும், அவ்வளவுதான். போன்புக், இன்டர்காம் எல்லாம் வேலை செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள்.

கரன்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய செம்புக் கம்பி லைனில் எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் 48 வோல்ட்டிலேயே சாதாரண போன் பேசும். கார்ட்லெஸ் பேஸுக்கு எப்போதும் கரன்ட் தேவை. ஃபைபர் லைனுக்கு மாறிய பிறகு, கரன்ட் போனால் அந்த லைனின் மோடமும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே இன்வெர்ட்டர் பாயின்ட்டில் கொடுத்துவிட்டோம்.

தேய்கிற பொருள் பேட்டரி ஒன்றுதான். எங்கள் ஹேண்ட்செட்டில் இரண்டு ட்ரிபிள் ஏ ரீசார்ஜபிள் செல்கள், கடையில் கிடைப்பதையே போடலாம். சாதாரண செல் போட்டு சார்ஜ் ஏற்றும் தொட்டிலில் வைத்தால் கசிந்து செட்டையே கெடுத்துவிடும். தவிட்டுத் தூசி சார்ஜ் ஏறும் தகடுகளில் படிந்தால் இரவெல்லாம் வைத்தாலும் சார்ஜ் ஏறாது. வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கிறோம். புதிதாக வாங்குபவர்கள் சுவரில் துளை போடுவதற்கு முன், ஒருவரை இன்டர்காமில் பேச வைத்துக்கொண்டு வளாகம் முழுக்க ஒரு சுற்று நடந்து பாருங்கள். மில் ஓடுகிற நேரத்தில், குடோன் நிறைந்திருக்கும்போது நடங்கள்.