மாத்திரை தர மறுத்த டாக்டர்

சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் இந்த கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) கிளினிக்குக்கு முதலில் அம்மாவை, அப்புறம் ஏற்காட்டிலிருந்து அக்காவைக் கூட்டிப் போனேன். இரண்டு பேருக்கும் பித்தப்பைக் கல்.

அம்மாவுக்கு ஒரே கல், 14 மில்லிமீட்டர். வேறொரு இடத்தில் ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு கல்லைக் கரைக்கும் அர்சோ மாத்திரை எழுதிக் கொடுத்து, நான்கு மாதம் விழுங்கியாயிற்று. ராத்திரி வலி நின்றபாடில்லை. இங்கே டாக்டர் முதலில் கேட்டது சாதாரண எக்ஸ்ரே. விலாவுக்குக் கீழே கல் வெள்ளையாகத் தெரிந்தது. "சுண்ணாம்பு ஏறிவிட்டது. கொழுப்புக் கல்தான் இந்த மாத்திரைக்குக் கரையும். இதற்குக் கொடுத்தால் உங்கள் காசுதான் கரையும்" என்றார். 67 வயது, ஆபரேஷன் வேண்டாமே என்று இழுத்துப் பார்த்தேன். மனுஷர் அசையவில்லை. லேப்ராஸ்கோபி (சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) முடிந்து மூன்றாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன் நான். உரசிப் பார்க்காமல் வெள்ளி வாங்க மாட்டேன். அந்த நான்கு மாதம் அந்தப் புத்தி எங்கே போனதோ.

அக்காவுக்கு மூன்று கல். பெரியதே 6 மில்லிமீட்டர்தான், எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. வலியும் எப்போதாவதுதான், காய்ச்சல், மஞ்சள் காமாலை வந்ததில்லை. அப்படியும் டாக்டர் உடனே எழுதவில்லை. பித்தப்பை வேலை செய்கிறதா, அதன் வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அடைத்திருந்தால் மருந்து கலந்த பித்தநீர் கல்லிடம் போய்ச் சேராது. வெறும் வயிற்றில் ஒரு ஸ்கேன். "போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டு வாங்க" என்று அனுப்பி, முக்கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. பை நன்றாகச் சுருங்கியிருந்தது. (தனக்கு மட்டும் நெய் ரோஸ்ட் எழுதித் தரவில்லை என்று அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல்.)

அதன் பிறகுதான் அக்காவுக்கு அர்சோ எழுதினார்: 60 கிலோ எடைக்குத் தினம் 600 மில்லிகிராம். ஆறு மாதத்தில் பெரிய கல் 4 மில்லிமீட்டராகிவிட்டது. முழுதாகக் கரைய இரண்டு வருடம்கூட ஆகலாம், கரைந்தாலும் ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அக்கா தெரிந்தேதான் சாப்பிடுகிறாள்.

குறை என்றால் டோக்கன்தான். வெறும் வயிற்றோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவளை இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். மலையிலிருந்து வருபவர்கள் முந்தின நாளே போன் போட்டு முதல் டோக்கனைக் கேட்டு வாங்குங்கள். பைக் நிறுத்தவும் இடமில்லை.