பிச்சாவரமா, முத்துப்பேட்டையா?

டெல்டாக்காரர்களுக்கு சனி ஞாயிறு கடற்கரை என்றால் பெரும்பாலும் வேளாங்கண்ணிதான். கோயிலுக்குப் போய், மணலில் நடந்து, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். படகில் ஏறி நாலு மணி நேரமாவது தண்ணீரோடு இருக்க வேண்டும் என்றால் பிச்சாவரம், முத்துப்பேட்டை என்று உப்புத்தண்ணீரில் நிற்கும் இரண்டு அலையாத்திக் காடுகளின் பெயர்கள்தான் வரும்.

கடலிலேயே குளிக்கலாமே என்று இளவட்டங்கள் கேட்பார்கள். பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி மூன்றும் வங்காள விரிகுடாவை நேரே பார்த்த கரைகள். கரையை ஒட்டிய நீரோட்டமும் அலையின் இழுப்பும் நீச்சல் தெரிந்தவரையும் உள்ளே கொண்டுபோகும். தரங்கம்பாடியில் 1306-இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே கடல் அரித்துவிட்டது. டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய கோட்டையைச் சுற்றிப் பார்த்து, மாலையில் காற்று வாங்க அருமையான ஊர். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே மடங்குகிறது. அதற்கப்பால் இருப்பது பாக் நீரிணை: ஆழம் குறைவு, அலை குறைவு, சேறு அதிகம். முத்துப்பேட்டை அந்தப் பக்கம். பிச்சாவரம் விரிகுடாப் பக்கம்தான், ஆனால் மணல் திட்டுக்குப் பின்னால், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே இருப்பது டெல்டாவே இல்லை என்று சண்டை போடுபவர்கள் போடட்டும். காட்டுமன்னார்கோயில் வயலுக்கும் கொள்ளிடத்துத் தண்ணீர்தான் பாய்கிறது.

இரண்டும் அலையாத்திக் காடுகள்தான், ஆனால் மரம் வேறு, அதனால் பயணமும் வேறு. பிச்சாவரத்தில் வாய்க்கால் ஓரம் முழுக்க சுரபுன்னை. கிளையிலிருந்து இறங்கும் ஊன்றுவேர்கள் இரு கரையிலிருந்தும் கைகோத்து நிற்க, துடுப்புப் படகு அந்தப் பந்தலுக்கு அடியில் நுழைந்து போகும். விசைப்படகு அகலமான வாய்க்காலோடு சரி, குறுகலுக்குள் வராது. பிச்சாவரம் போய் விசைப்படகில் ஏறுவது கல்யாண வீட்டுக்குப் போய் காபி மட்டும் குடித்துவிட்டு வருவது மாதிரி. குறுகிய வாய்க்காலுக்குள் போவதுண்டா என்று ஏறும் முன்பே கேட்டு, காசையும் பேசி முடித்துவிடுங்கள். கைக்கெட்டுகிறதே என்று கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இங்கே நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

முத்துப்பேட்டையில் அந்தப் பந்தல் கிடையாது. பெரும்பாலும் வெண்கண்டல். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஜாம்புவானோடையில் படகு ஏறி ஆற்றோடு வெகுதூரம் போனபின் திடீரென்று காயல் விரியும். அந்த வெளிக்காகத்தான் போக வேண்டும். கோரையாறு, பாமணியாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் வந்து சேரும் இடம் அது. மேட்டூரில் திறந்த தண்ணீரில் வயல் குடித்தது போக மிச்சம் இங்கேதான் உப்போடு கலக்கிறது. மடவையும் இறாலும் பிடிப்பவர்களின் வலைகளைத் தாண்டிப் போவீர்கள். 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் இந்தக் காட்டை முறித்துப் போட்டது. மொட்டையாக நிற்கும் மரங்களைப் பார்த்தால் படகுக்காரரிடம் கேளுங்கள், அந்த ராத்திரியைச் சொல்வார்.

வசதியில் பிச்சாவரம் எங்கோ முன்னால் நிற்கிறது. சிதம்பரம் வரை ரயில், அங்கிருந்து பஸ், டிக்கெட் கவுன்டர், கழிப்பறை, சாப்பாடு எல்லாம் உண்டு. சிறுபிள்ளைகளோ முழங்கால் வலிக்காரர்களோ கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் அங்கே பறவையைவிட செல்ஃபி எடுப்பவர்கள்தான் அதிகம். காலையில் முதல் படகுக்கே போய்விடுங்கள்.

முத்துப்பேட்டைக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், படகைத் தனியாகப் பேச வேண்டும். உள்ளே கடை இல்லை. சோறும் தண்ணீரும் கையோடு, குப்பையும் கையோடு. ஏழெட்டுப் பேராகப் போனால்தான் செலவு கட்டும். இத்தனை சிரமத்துக்கும் பிறகு என் ஓட்டு முத்துப்பேட்டைக்குத்தான். அரை நாள் முழுக்கத் தண்ணீர், வானம், கொக்கு தவிர வேறெதுவும் இல்லாத இடம் நம் பக்கத்தில் வேறு கிடையாது.

இரண்டுக்கும் தை, மாசி நல்ல பருவம். ஐப்பசி கார்த்திகையில் புயல் செய்தி வந்தால் பேச்சே இல்லை. வெயில் காலத்தில் முத்துப்பேட்டைக் காயலில் ஒதுங்க நிழல் இருக்காது, பிச்சாவரத்திலாவது பந்தல் உண்டு. எங்கே போனாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொள்ளுங்கள், மடியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

அனுமதி கிடைக்கவில்லையா? திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம், கோடியக்கரை போய்விடலாம். படகு கிடைக்காது, ஆனால் வெளிமான் பெரும்பாலும் கண்ணில் படும், குளிர்காலமென்றால் பூநாரையும்.