கைப்பேசி எண்ணை மங்கலாக்கிவிட்டுப் "பாதுகாப்பு" என்று பணம் வாங்குகிறார்கள்

எங்கள் ஊரில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். சந்தா கட்டாதவர்களுக்கு வரன்களின் கைப்பேசி எண் தெரியவே தெரியாது என்று எங்கள் இணையதளத்தைச் செய்துகொடுத்த நிறுவனம் அடித்துச் சொன்னது. இதற்கென்றே ஒரு காம்பொனென்ட், அதாவது ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் துண்டு, வைத்திருக்கிறார்களாம். எந்தப் பக்கத்தில் போட்டாலும் அந்த இடம் மங்கிவிடுமாம். பில்லில் "பாதுகாப்பு வசதி" என்று தனித் தொகையே போட்டார்கள்.

பிறகு ஒரு பெண்ணின் தந்தை கொதித்துப்போய் வந்தார். யாரோ ஒருவன் இரவு நேரங்களில் விடாமல் அழைத்துக்கொண்டிருக்கிறான். எங்களை நம்பித் தந்த எண் அது.

கணினி அறிவியல் படிக்கும் என் அண்ணன் மகள் செய்து காட்டினாள். மங்கிய எண்ணின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' என்றாள். ஓரத்தில் திறந்த பலகையில் 10 இலக்கங்களும் அப்படியே இருந்தன. கீழே 'ஃபில்டர்: பிளர்' என்று ஒரு வரி. அதன் டிக்கை எடுத்ததும் திரையிலும் எண் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுகூட வேண்டாம், மங்கிய இடத்தை மவுசால் இழுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினாலே எண் வந்துவிடுகிறது. பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருள் அதை உரக்கவே படிக்கிறது.

அந்த வரிதான் சிஎஸ்எஸ் பிளர். சிஎஸ்எஸ் என்பது இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி; அதன் பிளர் வெறும் அலங்காரம். எண் முழுதாக உலாவிக்கு வந்து சேர்ந்த பிறகு, திரையில் வரையும்போது மட்டும் அது கலங்கலாகத் தெரிகிறது. படத்துக்கோ பாப்-அப்பின் பின்னணிக்கோ போட்டால் அழகாகவே இருக்கும், அதில் எனக்குக் குறையில்லை. திரைச்சீலையைத் தொங்கவிட்டுப் பூட்டுக்குக் காசு வாங்கியதைத்தான் மோசடி என்கிறேன்.

கேட்டதற்கு, "சாதாரண ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாது சார்" என்றார்கள். பெண் வீட்டாருக்கு அந்தப் பதிலை நான் எப்படிச் சொல்வேன்? சரிசெய்யத் தனிக் கட்டணம் வேறு கேட்டார்கள். வேறொருவரைக் கொண்டு மாற்றிவிட்டோம்: சந்தா இல்லாதவருக்கு சர்வர் இப்போது எண்ணையே அனுப்புவதில்லை, மங்கலுக்கு அடியில் இருப்பவை வெறும் பூஜ்ஜியங்கள்.

மருத்துவ விவரம், மதிப்பெண், முகவரி என்று எதை மறைக்கச் சொல்லியிருந்தாலும், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் லாக்-இன் செய்யாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து, விவரம் தெரிந்த ஒருவரை இன்ஸ்பெக்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதே பலகையின் 'நெட்வொர்க்' பகுதியில் சர்வர் அனுப்பிய தரவையும் அவர் பார்க்க வேண்டும். மறைத்ததாகச் சொன்ன விவரம் அங்கே தட்டுப்பட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.