சோடியம் மெத்தாக்சைடோடு ஆறு வருடம்

விதை எண்ணெய்களில் உள்ள அபூர்வக் கொழுப்பு அமிலங்களைக் கண்டுபிடித்து அளப்பது என் வேலை. ஜிசியில் (கேஸ் குரோமடோகிராஃபி: பொருட்களை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் கருவி) ஏற்ற, அவற்றை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக மாற்ற வேண்டும். முதலில் அமில வினையூக்கியான போரான் ட்ரைஃப்ளூரைடு மெத்தனாலில்தான் மெத்தில் எஸ்டர் தயாரித்தேன். இப்போது ஆறு வருடமாக சோடியம் மெத்தாக்சைடு என்ற கார வினையூக்கி.

மாற வைத்தது இலவம் விதை எண்ணெய். கந்தகம் கலந்த கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துச் சூடாக்கும் ஹால்ஃபென் சோதனையில் அது நன்றாகச் சிவந்தது; மால்வாலிக், ஸ்டெர்குலிக் போன்ற சைக்ளோப்ரோப்பீன் (மூன்று கார்பன் வளையம்) அமிலங்கள் இருப்பதற்கு அது அடையாளம். அதையே ஜிசியில் ஏற்றினால் மால்வாலிக்கும் இல்லை, ஸ்டெர்குலிக்கும் இல்லை. இருந்த பீக்குகளின் (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் மேடு) பரப்பு சதவீதங்களைக் கூட்டினால் சரியாக 100. அந்த 100-ஐ நம்பித்தான் ஏமாந்தேன். ஏரியா சதவீதம், டிடெக்டர் வரை வந்து சேர்ந்ததை மட்டுமே பங்கு போடும். வழியில் அழிந்தது கணக்கிலேயே வராது. இரண்டிலும் உள்ள சைக்ளோப்ரோப்பீன் வளையத்தை அமில வினையூக்கி சிதைத்திருந்தது. மாதுளை விதை எண்ணெயின் ப்யூனிசிக் அமிலத்தையும் அது விடாது, வேறு ஐசோமர்களாக (அதே அணுக்கள், வேறு அமைப்பு) மாற்றிவிடும்.

மெத்தாக்சைடில் அந்தத் தொல்லை இல்லை. அதிகச் சூடு வேண்டாம், சில நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் ஈரம் பட்டால் போச்சு: கண்ணாடிக் குப்பியில் சோப்பு கட்டி, எஸ்டரைப் பிரித்தெடுக்கும் ஹெக்சேன் அடுக்கு பிரியாமல் பால் மாதிரி நிற்கும். தனித்த கொழுப்பு அமிலத்தை அது எஸ்டராக்காது என்பது இன்னொரு குறை. படித்திருந்தும், இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (ஒப்பிட்டு அளக்க, தெரிந்த அளவில் சேர்ப்பது) 17 கார்பன் உள்ள ஹெப்டடெக்கனாயிக் அமிலத்தை அப்படியே போட்டுவிட்டு, சி17 பீக் எங்கே என்று அரை நாள் இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்தேன்! அதே அமிலத்தின் ட்ரைகிளிசரைடான ட்ரைஹெப்டடெக்கனாயின் போட்டதும் பீக் வந்தது. அப்புறம்தான் சதவீதத்தை விட்டு மில்லிகிராம் கணக்குக்கு மாறினேன். 1 கிராம் எண்ணெயில் சுமார் 950 மில்லிகிராம் கொழுப்பு அமிலம் வர வேண்டும். நிறையக் குறைந்தால் ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று உடனே தெரியும்.

இலவத்துக்கு இதுவும் போதாது. எஸ்டர் பிழைத்து வந்தாலும் ஜிசியின் சூட்டில் வளையம் சிதையும். மெத்தனாலில் வெள்ளி நைட்ரேட் சேர்த்து, நிலையான ஈதர், கீட்டோன் வடிவங்களாக மாற்றித்தான் ஏற்றுகிறேன். ஒரு அமிலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பீக் வரும், கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஜிசிக்குள் பொருட்களைப் பிரிக்கும் 100 மீட்டர் சயனோப்ரோப்பைல் குழாயைப் (column) பற்றிக் கேட்பவர்களுக்கு: நல்ல குழாய்தான், பொறுமை வேண்டும். ஆனால் கொத்தமல்லி விதை எண்ணெயில், இரட்டைப் பிணைப்பின் இடத்தில் மட்டுமே வேறுபடும் பெட்ரோசெலினிக்கும் ஒலியிக்கும் மெத்தில் எஸ்டராக ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஐசோப்ரோப்பைல் எஸ்டராக்கினால் பிரிகின்றன. எது எது என்று உறுதி செய்ய டிஎம்ஓஎக்ஸ் (டைமெத்தில் ஆக்சசோலின்) வடிவமாக்கி மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுக்கிறேன்; உடைந்த துண்டுகளின் நிறை எண்கள் இரட்டைப் பிணைப்பு எங்கே என்று காட்டும். ஒலியிக் என்றால் 196-க்கும் 208-க்கும் நடுவே வழக்கமான 14-க்குப் பதில் 12 இடைவெளி, பெட்ரோசெலினிக் என்றால் 167-இல் ஒரு அடையாளம்.

மெத்தாக்சைடைச் சின்னப் பாட்டிலாகவே வாங்குங்கள். அடிக்கடி திறந்து மூடுகிற பெரிய பாட்டில் பாதி தீரும் முன்பே கெட்டுவிடுகிறது.