மேக், சீமேக்: யார் சொல் எடுபடுகிறது?

கிளிநொச்சியில் வீட்டில் இருந்தபடி சி நிரல் எழுதுகிற எனக்கு, அந்த நிரலை ஓடுகிற புரோகிராமாகக் கட்ட உதவும் மேக்கும் சீமேக்கும் பல வருடப் பழக்கம். நல்ல கருவிகள்தான். ஆனால் ஒரே செட்டிங்கை மூன்று இடத்தில் எழுதி வைத்தால் எது எடுபடும் என்பதில் ஆளுக்கொரு நியாயம்.

குனூ மேக்கில், ஷெல்லில் (கட்டளை அடிக்கிற இடத்தில்) எக்ஸ்போர்ட் செய்த சிஃபிளாக்ஸை, அதாவது கம்பைலருக்குப் போகிற ஆப்ஷன்களை வைத்திருக்கும் மாறியை, மேக்ஃபைல் (எப்படிக் கட்டுவது என்று எழுதிய கோப்பு) வெல்லும். மேக்ஃபைலை, மேக்கை ஓட்டும் கட்டளை வரியில் கொடுத்தது வெல்லும். -ஈ போட்டால் முதல் இரண்டும் இடம் மாறும். ஷெல்லில் கிடக்கிற மற்றக் குப்பையும் உள்ளே வரும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. இதெல்லாம் சரி. கடுப்பேற்றுவது வேறொன்று: கட்டளை வரியில் 'சிஃபிளாக்ஸ்=-ஓ0' என்று கொடுத்தால் (-ஓ என்பது எவ்வளவு ஆப்டிமைஸ் செய்வது என்ற அளவு), மேக்ஃபைல் அதே மாறியில் += போட்டுச் சேர்த்த, ஹெடர் கோப்புகள் இருக்கும் பாதையும் காணாமல் போகும். சி கம்பைலரான ஜிசிசி, ஹெடர் இல்லை என்று கத்தும். அந்த வரிக்கு முன் ஓவர்ரைடு (override) என்று எழுதினால் தப்பலாம். பாதைகளைச் சிபிபிஃபிளாக்ஸ் என்ற வேறு மாறியில் வைப்பது அதைவிட நல்லது.

சீமேக்கின் குணம் வேறு. அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிற தம்பி ஒருவர், "அண்ணை, ஓ2 குடுத்தனான், ஓ3தான் வருது" என்று வந்தார். அவர் போட்டது, எல்லா பில்டுக்கும் பொதுவான சீமேக்_சி_ஃபிளாக்ஸ் மாறியில். ரிலீஸ் பில்டுக்கு (வெளியிடுவதற்காகக் கட்டுவது) சீமேக் தானே வைத்திருக்கும் -ஓ3 அதற்குப் பின்னால் வந்து ஒட்டும். ஜிசிசிக்குக் கடைசியாக வந்த ஓதான் கணக்கு. கட்டப்படும் ஒரு புரோகிராமுக்கு மட்டும் ஆப்ஷன் கொடுக்கும் டார்கெட்_கம்பைல்_ஆப்ஷன்ஸில் போட்டது இன்னும் பின்னால் சேரும். -ஓ2வை அங்கே மாற்றியதும் விஷயம் முடிந்தது.

இன்னொன்று, ஷெல்லின் சிஃபிளாக்ஸைச் சீமேக் முதல் தரம் மட்டும்தான் வாசிக்கும். பிறகு அது சேமித்து வைக்கும் கேஷ் கோப்பில் இருப்பதுதான். வெளியே எத்தனை தரம் மாற்றினாலும் திரும்பிப் பாராது. பழைய கேஷை நீக்கிப் புதிதாகத் தொடங்கும், சீமேக் 3.24இல் வந்த --ஃப்ரெஷ் இதற்குப் போதும். முன்பெல்லாம் கேஷ் கோப்பைக் கையால் அழிக்க வேண்டும்.

மாரியில் கரண்ட் போய்ப் போய் வரும். பழைய லப்டொப்பில் முழுவதையும் கட்டி முடித்த பிறகு ஃபிளாக் பிழை என்று தெரிந்தால் எரிச்சல்தான். அதனால் கட்டுவதற்கு முன்னமே பார்த்துவிடுவேன். 'மேக் -என்' கட்டளைகளை ஓட்டாமல் காட்டும். சீமேக்கில் சீமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸை ஆன் செய்தால், கட்டுவதற்கு முன் நடக்கும் கொன்ஃபிகர் முடிந்ததுமே, ஒவ்வொரு கோப்புக்கும் கம்பைலருக்குப் போகப்போகிற முழு வரியும் ஒரு ஜேசன் கோப்பில் இருக்கும். அதில் கடைசி -ஓவைத் தேடினால் போதும்.